நாய்க்கடியும் உடையவன் பொறுப்பும்: ஒரு சட்ட வரலாற்று நோக்கு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியின் இருமருங்கும் பரந்து கிடக்கும் குடியேற்றக் கிராமங்களுள் தர்மபுரமும் ஒன்று. வன்னிப் பெருநிலத்தின் ஏனைய ஊர்களிற்போல இங்கும் வீடென்றால் வளவு உண்டு. வளவென்றால் வேலி உண்டு. வேலிக்கு ஒரு படலை உண்டு. படலைக்கு உள்ளே பெரும்பாலும் ஒரு நாய் உண்டு. வயலுக்குக் காவல், ஆட்டுப்பட்டிக்குக் காவல், இரவில் வளவினுள் நுழையும் பன்றிக்கும் பாம்புக்கும் எச்சரிக்கை என அந்நாய் செய்யும் பணிகள் பல. ஒருநாட் காலை படலை சாத்தப்படாது கிடக்கின்றது எனக் கொள்க. வீதிவழியே பாடசாலைக்குச் செல்லும் சிறுவன்மீது நாய் பாய்கின்றது, கெண்டைச்சதை கிழிகின்றது. வைத்தியசாலைச் செலவு, ஊசி, தாய் இழந்த நாட்கூலி, சிறுவனின் நோவு ஆகிய யாவும் இப்பொழுது யாருடைய கணக்கில் எழுதப்படல் வேண்டும்? நாயின் உடையவன் கூறுகின்றான்: “இது இதற்கு முன் ஒருவரையும் கடித்ததில்லை, கடிக்கும் என்று எனக்குத் தெரியாது.” அக்கூற்று உண்மையாகவே இருக்கலாம். அவ்வாறாயின் அவன் பொறுப்பிலிருந்து விடுபடுவானா?

எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு மனித சமுதாயம் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளாக விடை தேடி வந்துள்ளது. கிடைத்த விடைகள் ஒன்றல்ல. அவற்றுட் சில தர்மபுரத்துச் சிறுவனுக்குச் சாதகமானவை. சில நாயின் உடையவனுக்குச் சாதகமானவை. இலங்கையின் சட்ட வரலாற்றில் இவ்விரண்டு வகையும் வெவ்வேறு கப்பல்களில் வந்து இறங்கியமையே இவ்விடயத்தை ஆராயத் தூண்டுவதாகும்.

முதற்கண், குற்றம் உடையவனுடையதா அன்றி விலங்கினுடையதா என்ற ஐயம் பழஞ் சமுதாயங்களில் நிலவியது. எல்லாளன் அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் அரசாண்டான் எனக் கூறும் மகாவம்சம், அவனது ஆராய்ச்சி மணியைப் பற்றிச் சில கதைகளை உரைக்கின்றது. தேர்க்காலில் அகப்பட்டு இறந்த கன்றின் தாய் மணியை அசைத்த கதையைத் தமிழர் யாவரும் அறிவர். தமிழ் மரபில் அதுவே மனுநீதிச் சோழன் கதையாகத் திருவாரூரில் நிலைபெற்றது. ஆயின் அதே மகாவம்சம் கூறும் மற்றொரு கதை அத்துணை பேசப்படுவதில்லை. பனையிற் கூடுகட்டிய பறவையொன்றின் குஞ்சைப் பாம்பு விழுங்கிவிட, தாய்ப்பறவை வந்து மணியை அசைத்தது. அரசன் பாம்பைப் பிடித்துவரச் செய்து, வயிற்றைக் கீறிக் குஞ்சை எடுப்பித்து, பாம்பை மரத்தில் தொங்கவிட்டான் என்பது அக்கதை. கன்றின் வழக்கிலே தண்டிக்கப்பட்டவன் மனிதன். குஞ்சின் வழக்கிலே தண்டிக்கப்பட்டது விலங்கு. பாம்புக்கு உடையவன் இல்லை. எனவே பாம்பே பிரதிவாதி ஆயிற்று. வரலாறு என்பதினும் புனைவு என்றே இவற்றைக் கொள்ளினும், நீதி பற்றிய அக்கால எண்ணத்தை இவை காட்டுகின்றன எனலாம்.

இவ்வெண்ணம் கீழைத்தேயத்துக்கு மட்டும் உரியதன்று. விவிலியத்தின் யாத்திராகமம் 21 ஆம் அதிகாரம், மனிதனை முட்டிக் கொன்ற மாடு கல்லெறிந்து கொல்லப்படல் வேண்டும், அதன் இறைச்சி உண்ணப்படலாகாது என விதிக்கின்றது. பிரான்சின் நோமண்டிப் பகுதியில் ஃபலேய்ஸ் என்னும் ஊரில் 1386 இல் ஒரு பெண்பன்றி, குழந்தையொன்றைக் கொன்ற குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டது. இதனை நகைப்புக்குரியதெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. பன்றியைத் தூக்கிலிட்டதனால் குழந்தையை இழந்த குடும்பத்துக்கு ஒரு காசும் கிடைத்திலது. விலங்கைக் குற்றவாளி ஆக்கும் நீதி பழியைத் தீர்க்கும்; இழப்பைத் தீர்க்காது.

உடையவனை நோக்கிச் சட்டத்தின் கண் திரும்பியமை மெசப்பொத்தேமியாவில் தெளிவாகக் காணப்படுகின்றது. பக்தாதுக்கு அண்மையிலுள்ள தெல் ஹர்மால் என்னுமிடத்தில் 1940 களில் கண்டெடுக்கப்பட்ட களிமண் பலகைகள் எஷ்னுன்னா நாட்டின் சட்டங்களைத் தாங்கியவை. அவை கமுராபியின் புகழ்பெற்ற சட்டத்தொகுதிக்கும் சற்று முற்பட்டவை; அதாவது கி. மு. 18 ஆம் நூற்றாண்டளவில் எழுந்தவை. அவற்றுள் 56 ஆம் பிரிவு விசர் நாயைப் பற்றியது. ஒரு நாய் விசர் கொண்டதென ஊர்ப்பகுதியினர் உடையவனுக்கு அறிவித்த பின்னரும் அவன் அதனைக் காவலில் வையாதுவிட, அது ஒருவனைக் கடித்துச் சாகச் செய்யின், உடையவன் 40 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தல் வேண்டும். இறந்தவன் அடிமையாயின் 15 சேக்கல் போதுமானது. மனித உயிருக்கு இருவேறு விலை வகுத்த அச்சமுதாயத்தின் கொடுமை ஒருபுறம் இருக்க, சட்டத்தின் அமைப்பு கூர்ந்து நோக்கற்பாலது. கடித்தது நாய், பொறுப்பு மனிதனுக்கு. அப்பொறுப்பும் அவனுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தாலன்றி எழுவதில்லை. கமுராபியின் சட்டமும் இவ்வாறே தெருவிற் செல்கையில் முட்டிக் கொன்ற மாட்டுக்காக வழக்கில்லை என்றும், முட்டும் மாடென அறிவிக்கப்பட்டும் கொம்பை மூடாமலோ கட்டிவையாமலோ விட்டவன் அரை மினா வெள்ளி கொடுக்க வேண்டும் என்றும் வகுத்தது. ‘எனக்குத் தெரியாது’ என்ற தர்மபுரத்து வாதத்தின் வேர் இங்குள்ளது.

ஏதென்ஸ் நகரத்துச் சோலனும் நாய்க்கடி பற்றிச் சட்டம் இயற்றினான் எனப் புளூட்டார்க் எழுதுகின்றார். கடித்த நாயை மூன்று முழ நீளமுள்ள கட்டை பூட்டிக் கடிபட்டவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது அது. பாதுகாப்புக்கு நல்ல உபாயம் என அவர் அதனைப் பாராட்டவும் செய்கின்றார். கடித்த நாயைக் கடிபட்டவனே வைத்துப் பராமரிக்க நேருவதில் உள்ள வேடிக்கையை அவர் கருதினார் அல்லர்.

இவ்வெண்ணங்கள் யாவற்றையும் சட்டக்கலையாகச் செப்பஞ் செய்தவர்கள் உரோமர். கி. மு. 450 அளவிற்குரிய பன்னிரு பலகைச் சட்டத்திலேயே நாற்கால் விலங்கினால் விளையும் சேதத்துக்கு ஒரு வழக்குரிமை இருந்தது. ‘பௌப்பெரியெஸ்’ என்பது அச்சேதத்தின் பெயர். உல்பியன் என்னும் சட்டவறிஞர் இதற்குக் கொடுத்த வரைவிலக்கணம் நுட்பமானது. செய்தவரிடத்துக் குற்றமின்றி விளைந்த சேதமே பௌப்பெரியெஸ். ஏனெனில் பகுத்தறிவில்லாத விலங்கு குற்றம் புரிதல் இயலாது. பன்றியைத் தூக்கிலிட்ட ஃபலேய்ஸ் நகரத்தாருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர் இவர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

விலங்கிடத்தும் குற்றமில்லை, உடையவனிடத்தும் குற்றம் நிறுவப்படவில்லை. ஆயினும் உடையவன் பொறுப்பாளி. அவன் முன் இரு வழிகள் வைக்கப்பட்டன: சேதத்துக்கு ஈடு கொடுத்தல், அன்றேல் விலங்கையே கடிபட்டவனிடம் ஒப்படைத்தல். அவன் அறிந்திருந்தானா, அறிந்திலனா என்பது கேட்கப்படவேயில்லை. விலங்கின் பயனைத் துய்ப்பவனே அதன் கேட்டையும் சுமத்தல் வேண்டும் என்ற கருத்து இதனடியில் உள்ளது என்று கொள்ளலாம். எனினும் ஒப்படைக்கும் வழி இருந்தமையால் உடையவனின் சுமை விலங்கின் விலையைத் தாண்டிச் செல்லாது. இவ்வளவில் அது கடுமையும் இரக்கமும் கலந்த சட்டம்.

யஸ்தினியன் பேரரசனின் ஆணையால் 533 இல் வெளியான தொகுப்பின் ஒன்பதாம் நூல் முதலாம் தலைப்பு இவ்விடயத்துக்கே ஒதுக்கப்பட்டது. கிராமத்து வாழ்வை அறிந்தவருக்கு அதன் பக்கங்கள் அந்நியமாகத் தோன்றா. நோவினால் துள்ளி உதைத்த குதிரைக்காக வழக்கில்லை. அதனை அடித்தோ காயப்படுத்தியோ துள்ளச் செய்தவன் மீதே வழக்கு. இரு கடாக்கள் பொருதி ஒன்று மற்றதைக் கொன்றால் என்ன செய்வது? குவின்டுஸ் மூசியுஸ் பிரித்துக் காட்டினார்: முதலில் தாக்கியது இறந்ததாயின் வழக்கில்லை, தாக்கப்பட்டது இறந்ததாயின் வழக்குண்டு. நாயைப் பற்றியும் ஓரிடம் வருகின்றது. ஒருவன் பிடித்துச் செல்லும் நாய் தன் மூர்க்கத்தால் பிடியை உதறிக்கொண்டு பாய்ந்து ஒருவனுக்குத் தீங்கு செய்ததெனின், வேறொருவன் அதனை இன்னும் உறுதியாகப் பிடித்திருக்கக் கூடுமாயின், அல்லது அவ்வழியே அந்நாயைக் கொண்டு சென்றிருக்கலாகாதாயின், பிடித்துச் சென்றவனே குற்றவாளி. இங்கே கேட்கப்படுவது அசட்டை. அஃதாவது, உடையவனது அசட்டையை நிறுவ முடியுமாயின் ஒரு வழக்கு. நிறுவ முடியாவிடினும் உடைமை காரணமாக மற்றொரு வழக்கு. கடிபட்டவனுக்கு இரண்டு கதவுகள் திறந்திருந்தன.

மூன்றாவது கதவொன்றும் உண்டு. சந்தைகளையும் தெருக்களையும் மேற்பார்த்த அதிகாரிகளின் ஆணையொன்று, நாய், பன்றி, கரடி, சிங்கம் முதலியவற்றை மக்கள் நடமாடும் வழியருகே வைத்திருத்தலைத் தடுத்தது. அவற்றால் சுதந்திரக் குடிமகன் ஒருவன் இறப்பின் 200 சொலிடுஸ் பொன் தண்டம்; காயமுறின் நீதிபதி நன்றென்றும் நேரென்றும் கருதும் தொகை; ஏனைய சேதங்களுக்கு இருமடங்கு. சிங்கத்தோடும் கரடியோடும் ஒரே வரிசையில் நாயை நிறுத்திய அந்த ஆணையை, கடிபட்ட எவரும் மிகை என்று சொல்லார்.

கரடியைப் பற்றிய உரோமர் வாதம் ஒன்று பின்னர் தேவைப்படும். கரடி உடையவனிடமிருந்து தப்பியோடிய பின் ஒருவனைத் தாக்கின், பௌப்பெரியெஸ் வழக்கு இல்லை. ஏனெனில் காட்டு விலங்கு தப்பியோடிய அக்கணமே உடையவன் உடையவனாக இருத்தல் ஒழிந்தது. மேலும், பொறுப்பு விலங்கைத் தொடர்ந்து செல்லும். விலங்கு கைமாறின் இன்றைய உடையவனே விடையிறுக்க வேண்டும். வழக்கு உறுதியாகுமுன் விலங்கு இறந்துவிடின் வழக்கும் அதனுடன் இறந்துவிடும்.

இச்சட்டம் இலங்கைக்கு வந்த வழி நீண்டது. ஒல்லாந்து நாட்டில் 1631 இல் கிரோசியுஸ் வெளியிட்ட நூலும், அந்நூற்றாண்டின் இறுதியில் வூட் எழுதிய பெரும் விளக்கவுரையும் உரோமச் சட்டத்தை ஒல்லாந்த வழக்கத்தோடு இணைத்தன. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. வன்னியோ நெடுங்காலம் அவர்களுக்கு அடங்காது நின்றது; 1782 இலேயே அவர்கள் அதனை நேரடி ஆட்சிக்குட் கொண்டுவந்தனர். ஆங்கிலேயர் கைப்பற்றியபின், 1799 செத்தெம்பர் 23 ஆந் திகதிப் பிரகடனம் ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்களே தொடரும் என அறிவித்தது. 1707 இல் கிளாஸ் ஐசாக்சு தொகுத்தளித்த தேசவழமை 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் சட்டவலுப் பெற்றது. ஆயின் தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி போன்றவற்றைப் பற்றியே பெரிதும் பேசுவது. அது பேசாத இடங்களில் உரோம ஒல்லாந்தச் சட்டமே நின்று நிரப்பும். ஆகவே தர்மபுரத்துப் படலையடியில் நிகழ்ந்த நாய்க்கடிக்குரிய தனியாள் சட்டத்தின் மூலம் உல்பியன் வரையிற் செல்வது என்பது மிகைக்கூற்றன்று.

ஆங்கிலேயர் தம்முடன் கொணர்ந்த சட்டச் சிந்தனை வேறு. இங்கிலாந்தின் பொதுச்சட்டம் விலங்குகளை இரண்டாகப் பிரித்தது. சிங்கம், குரங்கு போன்ற இயல்பிற் கொடியவற்றை வைத்திருப்பவன் அவற்றின் செயலுக்கு எந்நிலையிலும் பொறுப்பாளி. 1846 இல் ஒரு குரங்கு கடித்த வழக்கில் இது உறுதியாயிற்று. நாய் முதலிய வீட்டு விலங்குகளைப் பொறுத்தவரை, அந்தக் குறித்த விலங்கின் தீய இயல்பை உடையவன் முன்னரே அறிந்திருந்தான் என வாதி நிறுவல் வேண்டும். ‘ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கடி இலவசம்’ என்று மக்கள் இதனைக் கேலி செய்தனர். முதற் கடிக்கு ஆளானவன் தன் காயத்தைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். அவனுடைய காயம் இரண்டாவது ஆளின் வழக்குக்குச் சான்றாக உதவும். எஷ்னுன்னாவில் ஊரார் போய் அறிவித்தனர். இங்கிலாந்தில் கடிபட்ட மனிதனே அறிவித்தல் ஆனான். வீட்டு வாயிலில் ‘நாய் கவனம்’ என்று பலகை தொங்கவிடுவோர், இவ்விதிப்படி தமக்கு எதிரான சான்றைத் தாமே எழுதித் தொங்கவிடுகின்றனர் என்பதையும் இடையிற் குறிப்பிடலாம்.

இவ்விதி ஆடு வளர்ப்போருக்குப் பெருந் துன்பமாயிற்று. ஸ்கொத்லாந்தில் நாயொன்று ஆடுகளைக் கொன்ற வழக்கில், உடையவனது தவறு நிறுவப்படல் வேண்டும் எனப் பிரபுக்கள் சபை 1855 இல் தீர்ப்பளித்தது. நிலவுடைமையாளர் பொறுத்திருக்கவில்லை. ஸ்கொத்லாந்துக்கு 1863 இலும் இங்கிலாந்துக்கு 1865 இலும் நாய்ச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆட்டையோ மாட்டையோ நாய் கடித்தால், உடையவன் முன்னர் அறிந்திருந்தான் என நிறுவத் தேவையில்லை என்பது அவற்றின் சாரம். மனிதனைக் கடித்தாலோ? பழைய விதியே நின்றது. ஆட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு ஆட்டு இடையனுக்குக் கிடைக்கவில்லை. பாராளுமன்றத்தில் யாருடைய குரல் எட்டியது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் சான்று அரிது. 1971 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் பலவற்றைச் சீர்திருத்திய போதும், நாய் போன்ற வீட்டு விலங்கு மனிதனுக்குச் செய்யும் காயத்தில் அறிவு என்னும் நிபந்தனையை முற்றாக அகற்றவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் ஆங்கிலச் சட்டக் கருத்துகள் உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் பல துறைகளினுள்ளும் புகுந்தன. உடையவனின் அறிவோ தவறோ நிறுவப்பட வேண்டும் என்ற நோக்கும் அவ்வழியே இங்கு இடம்பிடித்தது. கூடவே சட்டசபையும் தொழிற்பட்டது. 1876 ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறற் கட்டளைச் சட்டம், பயிரில் விழுந்த மாட்டைப் பிடித்துக் கட்டிவைத்து ஊர்த் தலைமைக்காரரைக் கொண்டு சேதத்தை மதிப்பிடச் செய்யும் உரிமையைக் கமக்காரனுக்கு வழங்கியது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, இந்தியாவின் 1860 ஆம் ஆண்டுக் கோவையைப் பின்பற்றி, தன் வசமுள்ள விலங்கினால் மனிதருக்கு நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கப் போதிய கவனம் எடாமையைக் குற்றமாக்கியது. 1893 இல் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச் சட்டமும் 1901 இல் நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டமும் தோன்றின.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குமிடத்து ஒரு சமனின்மை புலனாகும். நெற்பயிரை மேய்ந்த மாட்டுக்காக ஊரளவிலேயே விரைவான பரிகாரம் உண்டு. தலைமைக்காரர் வருவார், வரம்பில் நின்று மதிப்பிடுவார். கிழிந்த தசைக்கு அத்தகைய பரிகாரம் இல்லை. தண்டனைச் சட்டத்தின்கீழ் விதிக்கப்படும் தண்டம் அரசின் கருவூலத்துக்குச் செல்வது, அது நட்டஈடன்று. நட்டஈடு வேண்டுவோர் இரண்டாண்டுகளுக்குள் வழக்கிடல் வேண்டும் என 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் அமைத்த இணக்க சபைகள் பிற்காலத்தில் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பின. நாய்க்கடி போன்ற அயலவர் பிணக்குகள் ஊரிலேயே பேசித் தீர்க்கப்பட அவை வழிசெய்தன. ஆயினும் இணக்க சபையில் அமர்வோர் எவ்விதியை மனத்திற் கொண்டு பேசுகின்றனர் என்பதிலேயே தொகை தங்கியுள்ளது. ‘தெரியாமல் நடந்தது’ என்பது பொறுப்பை நீக்குமா, தொகையைக் குறைக்குமா, அல்லது ஒன்றுமே செய்யாதா?

இவ்விடத்தில் அதே உரோம ஒல்லாந்தச் சட்டத்தைப் பெற்ற மற்றொரு நாட்டை நோக்குதல் பயன் தரும். தென்னாபிரிக்காவில் 1927 இல் சிறுபிள்ளையை நாய் கடித்த வழக்கொன்றில், பௌப்பெரியெஸ் வழக்குரிமை இறக்கவில்லை என அந்நாட்டின் மேன்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. விலங்கை ஒப்படைத்துத் தப்பும் வழி மட்டும் வழக்கொழிந்தது என்றது. அதாவது உடையவனின் பொறுப்பு உரோமில் இருந்ததைவிடக் கூடியது. 2020 இல் அதே வழக்குரிமை மீண்டும் சோதிக்கப்பட்டது. தெருவழியே நடந்து சென்ற ஏழைத் தொழிலாளி ஒருவரை மூன்று நாய்கள் தாக்க, அவர் இடது கையை இழந்தார். வேறு யாரோ புகுந்து வாயிற்கதவைத் திறந்துவிட்டுச் சென்றனர், தம்மிடம் தவறில்லை என உடையவர் வாதிட்டார். உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. நாயை வைத்திருக்கத் தீர்மானித்தவருக்கும் தெருவில் நடந்து சென்றவருக்கும் இடையில் இழப்பை யார் தாங்குவது என்பதே வினா எனின், நாய் வைத்திருப்பவர் தாங்குதலே நீதிக்கு இயைந்தது என்ற நோக்கு அத்தீர்ப்பின் உள்ளீடு. தர்மபுரத்துப் படலைக்கு இதனினும் பொருத்தமான விதியைக் காண்டல் அரிது. உல்பியனின் சட்டம் கேப் நகரில் உயிர்த்திருக்க, அதே ஒல்லாந்தரின் கப்பல்கள் வந்து சேர்ந்த இந்நாட்டில் ஆங்கில நோக்கின் நிழலில் மெலிந்து போனமைக்கு நீதி சார்ந்த காரணம் எதுவும் புலப்படவில்லை. ஆண்டவர் யார் என்பதே காரணமாகத் தோன்றுகின்றது.

மேற்கூறிய விதிகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் எடுகோள் உண்டு. அறிவைக் கேட்டாலும், உடைமையைக் கேட்டாலும், அசட்டையைக் கேட்டாலும், நாய்க்கு உடையவன் ஒருவன் இருத்தல் வேண்டும். வன்னியின் அண்மைக்கால வரலாறு இவ்வெடுகோளையே அசைத்துவிட்டது.

2009 சனவரி 2 இல் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் வசமாயிற்று. அம்மாதத்தின் நடுப்பகுதிக்குள் போர்முனை தர்மபுரத்தையும் கடந்தது. ஏற்கெனவே பல ஊர்களிலிருந்து பெயர்ந்து வந்து அங்கு நிறைந்திருந்த மக்களும் ஊர்மக்களும் விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். எஞ்சியோர் பின்னர் செட்டிகுளத்து முகாம்களில் அடைபட்டனர். மூட்டை முடிச்சுகளுக்கே இடமில்லாத அப்பயணத்தில் மாடுகள் பட்டியோடு கைவிடப்பட்டன; நாய்கள் வளவோடு கைவிடப்பட்டன. திரும்பி வந்தபோது மாட்டைப் பொறுத்தவரை உடைமையை நிறுவ ஒரு வழி இருந்தது. வன்னியில் மாட்டுக்குக் குறி சுடுதல் வழக்கம். 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் அதனை ஒழுங்குபடுத்துகின்றது. கட்டாக்காலியாய்த் திரிந்த மாட்டின் தோலில் அதன் உடையவனின் எழுத்து இருந்தது. நாயின் தோலில் எவர் பெயரும் இல்லை.

இத்தகைய நாய் ஒருவரைக் கடித்தால் பொறுப்பாளி யார்? உரோமரின் கரடி வாதத்தை விரித்துக் கொண்டால், கைவிட்டுச் சென்றவர் உடையவராக இருத்தல் ஒழிந்தது, வழக்கில்லை. நாயை எவரேனும் எடுத்து வளர்த்தால் பொறுப்பு அவரைத் தொடரும். இங்கிலாந்தின் 1971 ஆம் ஆண்டுச் சட்டம் வேறுவிதமாகக் கூறுகின்றது: விலங்கின் உடைமையோ கைவசமோ ஒருவரிடமிருந்து நீங்கினும், வேறொருவர் அதனை வைத்திருப்பவராக ஆகும் வரை முன்னையவரே பொறுப்பாளி. அமைதியான நாட்டுக்கு இது நல்ல சட்டம். ஒரு நாயை வளர்த்துச் சலித்துத் தெருவில் விடுவோரை அது சரியாகவே பிடிக்கும். எறிகணைக்குத் தப்பிக் குழந்தையைத் தோளில் இட்டுக்கொண்டு ஓடிய தாய், முள்வேலிக்குள் அடைபட்டிருக்கும்போதும் தர்மபுரத்து வளவில் எஞ்சிய நாயின் செயலுக்குப் பொறுப்பாளி என்று அதே சட்டத்தை இங்கு பொருத்தினால், அதனை நீதி என எவரும் ஏற்கமாட்டார். ஆனால் அத்தாயை விடுவிப்பதனால் கடிபட்டவனின் காயம் ஆறுவதில்லை. இருவரும் குற்றமற்றவர்கள், இருவருள் ஒருவர் தாங்கியே ஆகவேண்டும் எனக் கேட்கும் சட்டத்துக்கு இங்கே விடையில்லை.

அண்டை நாட்டில் மூன்றாவதொரு விடை உருவாகி வந்துள்ளது. கேரளத்தில் தெருநாய்க் கடிக்கு ஆளானோரின் கோரிக்கைகளை ஆராய்ந்து நட்டஈடு பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி சிறி ஜெகன் தலைமையில் ஒரு குழுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2016 இல் அமைத்தது. பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஒரு படி மேலே சென்று, பல் பதிந்த ஒவ்வொரு அடையாளத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாவும், தசை பிய்ந்த காயத்தில் ஒவ்வொரு 0.2 சென்ரிமீற்றருக்கும் குறைந்தது 20,000 ரூபாவும் என அளவு வகுத்தது. கொடுக்கும் பொறுப்பை முதற்கண் அரசின்மீது வைத்தது. அளவுகோல் கொண்டு காயத்தை அளக்கும் இம்முறை உரோம ஆணையின் ‘நன்றும் நேரும்’ என்ற சொற்களுக்கு முன் சற்று முரடாகவே தோன்றும். ஆயினும் கடிபட்ட கூலியாளுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை அவர் நீதிமன்றப் படியேறுமுன்பே அறிந்துகொள்ளலாம் என்பது சிறிய நன்மையன்று.

இலங்கையில் அத்தகைய ஏற்பாடு எழவில்லை. இங்கு அரசு மேற்கொண்ட வழி நோயைத் தடுத்தல் ஆகும். 1973 இல் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தனர். தடுப்பூசி, மருத்துவம் ஆகியவற்றின் பயனாக அண்மை ஆண்டுகளில் அத்தொகை ஆண்டொன்றுக்கு இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்துள்ளது. 2006 முதல் தெருநாய்களைக் கொல்லாது கருத்தடையும் தடுப்பூசியும் செய்யும் கொள்கை பின்பற்றப்படுகின்றது. இவை யாவும் போற்றத்தக்கவை. ஆயினும் உயிர் பிழைத்தவனுக்கு இழந்த கூலியை இவை ஈடுசெய்வதில்லை.

எஞ்சியிருப்பது 1901 ஆம் ஆண்டின் பதிவேடு. அது வரி விதிப்பதற்கான ஏடாகவும், பதியப்படாத நாயைப் பிடிப்பதற்கான ஏடாகவுமே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. உண்மையில் அது செய்யக்கூடிய பணி வேறு. மாட்டுக்குக் குறிசுடும் இரும்பு எதனைச் செய்கின்றதோ, அதனை நாய்க்குச் செய்யக்கூடிய ஒரே கருவி அதுவே: இன்ன நாய்க்கு இன்னார் பொறுப்பு என எழுதி வைத்தல். தர்மபுரம் அடங்கும் கரைச்சிப் பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றங்களின் கையிலேயே அப்பணி உள்ளது. பதிவேட்டில் பெயருள்ள நாய்க்கு அதன் உடையவர், அறிந்தாலும் அறியாவிடினும், பழைய உரோம விதிப்படி ஈடு கொடுத்தல். பெயரில்லாத நாய்க்கு அப்பெயரை எழுதியிருக்க வேண்டிய மன்றமே கொடுத்தல் என்று வகுப்பின், படலையடியில் நிற்கும் சிறுவனின் தாய், ‘இது யாருடைய நாய்’ என்று கேட்டு வீடு வீடாக அலைய வேண்டியிராது.